தர்ம நடைக்கு நிதி திரட்டுவது – சில யோசனைகளும் கணக்குகளும்

(நம் சங்கத்தின் மேற்கு மண்டலக் கிளைகள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். ஆனாலும் விஷயம் பணத்தைப் பற்றியது என்பதால் யாரும் தூங்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. அயோத்தி பிராணப் பிரதிஷ்டைக்கு முந்தின நாள். அன்று நடந்த மும்பை மாரத்தானில், மூத்த குடிமக்கள் பிரிவில், எங்கள் கிளையிலிருந்து பன்னிரண்டு பேர் நடந்தோம். எட்டுப் பேர் ஆண்கள், நாலு பேர் மாமிகள். இளையவருக்கு வயது 61, மூத்தவருக்கு 82. தூரம் நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் பால் வாங்கி, கோவிலுக்குப் போய், காய்கறி மார்க்கெட் சுற்றி வருகிற எந்த மாமாவும் தினமும் நடக்கிற தூரம்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த நடையைச் சாக்காக வைத்து 2,17,200 ரூபாய் திரட்டி, ஒரு தர்ம டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொடுத்தோம். அதைப் பற்றித்தான் பூனா, நாக்பூர், ஆமதாபாத் கிளைக்காரர்கள் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்து நிதி திரட்டுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று ஒரு எண்ணம் நமக்கு உண்டு. பாதி உண்மை. 1980-ல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ஓட ஆரம்பித்தார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் காலமானார். அவர் ஜனங்களிடம் கேட்டது என்ன தெரியுமோ? ஆளுக்கு ஒரு டாலர். அவ்வளவுதான். கனடாவின் அன்றைய ஜனத்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். அவர் உயிரோடு இருக்கும்போதே அத்தனை டாலர் சேர்ந்துவிட்டது. அவர் பெயரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓட்டம் நடந்திருக்கிறது.

அணி அணியாக நடப்பது இன்னொரு வகை. ஹாங்காங்கில் 1981-ல் கூர்க்கா சிப்பாய்களுக்குப் பயிற்சியாக நூறு கிலோமீட்டர் மலைப்பாதை நடை ஒன்று ஏற்பட்டது. பிறகு பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அணிக்கு நாலு பேர். 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2012 முதல் சில வருஷங்கள் நம் நாட்டிலும் நடந்தது. நம் வயசுக்கு நூறு கிலோமீட்டர் வேண்டாம்.

நமக்குத் தோதானது பெரிய நகரங்களின் மாரத்தான்கள்தான். மும்பையில் 2004-ல் ஆரம்பித்தது. டில்லி அரை மாரத்தான் 2005-ல், பெங்களூர் பத்து கிலோமீட்டர் ஓட்டம் 2008-ல், கல்கத்தாவின் 25 கிலோமீட்டர் 2014-ல். மும்பையில் ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் ஆளுக்கொரு தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் கோடிக்கணக்கில் திரட்டுகிறார்கள். பிள்ளைகளும் பெண்களும் செல்போனில் ஒரு செய்தி தட்டிவிட்டால் ஆபீஸ் நண்பர்கள் ஐநூறு, ஆயிரம் அனுப்புகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. நம் சிநேகிதர்களில் பாதிப் பேருக்குச் செல்போனில் பணம் அனுப்பப் பயம். மீதிப் பேருக்கு அனுப்பத் தெரியும், அனுப்ப மனசு வராது. ஆகவே வேறு வழி தேட வேண்டியிருந்தது.

முதலில் எதற்காக என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் கிளை விசேஷங்களுக்குப் பல வருஷமாகச் சமையல் செய்துவந்த மாமா ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. நல்ல சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விடுகிறது. ராத்திரி பகல் ஓயாமல் நடக்கிற அந்த வேலையை மிஷின் ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரத்தில் அரைகுறையாகச் செய்கிறது. நாள் தவறினால் மூச்சுத் திணறல். வாரம் மூன்று என்றால் வருஷத்துக்கு 156 தடவை. 2016-ல் மத்திய அரசாங்கம் தேசிய டயாலிசிஸ் திட்டம் கொண்டுவந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். இந்த மாமா அந்தக் கோட்டுக்கு இம்மி அளவு மேலே. அவர் மாதிரிப் பலர் அப்படி நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பெயரையும் போட்டோவையும் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. அவரிடம் கேட்கப் போனேன். சொன்னார்: "மாமா, நூறு கல்யாணத்துல நான் எல்லாருக்கும் பரிமாறியிருக்கேன். அந்தப் பந்தியில உக்காந்தவா கிட்டே என் மூஞ்சியக் காட்டிக் காசு கேக்காதீங்கோ. அந்த நிலையத்துக்குக் கேளுங்கோ. எனக்கு வர்ற பங்கு வரட்டும்."

அதை அப்படியே தீர்மானமாக எழுதிக்கொண்டோம். நிலையத்துக்குக் கேட்பது, எந்த நோயாளியின் பெயரையும் சொல்வதில்லை. உதவி வாங்குகிறவரின் படம் போட்டால் வசூல் கூடும் என்று சொல்வார்கள். கூடலாம். அதற்கு அவர் கொடுக்கிற விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதிலிருந்து அடுத்த சண்டை கிளம்பியது. "நாம் திரட்டுகிற பணம் நம்மவர்களுக்கு மட்டும்தானே?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அந்த நிலையத்தில் நாற்காலிக்கு ஜாதி எழுதி வைப்பதில்லை; முதலில் பதிவு செய்தவருக்கு முதலில் இடம். பணத்தைக் கொடுத்துவிட்டு அதை மாற்றச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது என்று நான் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஓட்டெடுப்பில் ஒன்பதுக்கு நாலு. தோற்ற நாலு பேரில் இரண்டு பேர் நடக்க வரவில்லை. அவர்களில் ஒருவர் பின்னால் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபணைதான் பெரியது. "வீடு வீடாகப் போய்க் கையேந்துவதா?" உங்களில் பலருக்கும் இது மனசில் ஓடிக்கொண்டிருக்கும். பூணூல் போட்ட அன்று நாம் முதலில் செய்த காரியம் என்ன? அம்மாவிடம் போய்ப் பிக்ஷை கேட்டது. திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகள் உஞ்சவிருத்தி எடுத்துத்தான் ஜீவித்தார்; இன்றும் அவர் ஆராதனை நாளன்று உஞ்சவிருத்தி பஜனை உண்டு. தம்பூரா, ஜால்ரா, சொம்பு. பாடிக்கொண்டே வீதியில் நடப்பது, வாசலில் அரிசி வாங்குவது. நடந்து நிதி திரட்டுவது என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் என்ன வேண்டும்? காஞ்சி மகாபெரியவாளின் பிடி அரிசித் திட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். கொடுக்கிற வீட்டுக்குப் பாரம் தெரியாது. சேர்ந்தால் ஒரு அன்னதானம்.

இதற்கு மேல் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாவது ஞாயிறு. அதற்கு முந்தின மாதம் என்ன? மார்கழி. விடியற்காலை எழுந்து வீதி பஜனை போகிற மாசம். டாக்டர் எங்களிடம், "ஒரு மாசமாவது தினம் அரை மணி நடந்து பழகிவிட்டு வாருங்கள்" என்றார். மார்கழி பஜனையே நடைப்பயிற்சி ஆகிவிட்டது. டிசம்பர் 17 முதல் போகி வரை, ஐந்தரை மணிக்குக் கோவில் வாசலில் கூடி, எங்கள் காலனியையும் பக்கத்து இரண்டு காலனிகளையும் சுற்றி வந்தோம். ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டடங்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். அதனால் முந்தின நாளே வாட்ச்மேனிடம் சொல்லி, லிப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டி, கீழே ஒரு பித்தளைத் தவலை வைத்தோம். முதல் வாரம் தவலையில் சில்லறைதான். வைகுண்ட ஏகாதசியன்று, டிசம்பர் 23, சனிக்கிழமை, ஆபீஸ் லீவும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு மராட்டிக்காரர்களும் குஜராத்திகளும் பால்கனியில் நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு குஜராத்திப் பாட்டி தினமும் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கூடையில் வைத்துக் கயிற்றில் மூன்றாவது மாடியிலிருந்து இறக்குவாள். பஜனையில் மட்டும் 38,450 ரூபாய் சேர்ந்தது. வந்த அரிசியைப் பணமாக மாற்றவில்லை. நிலையத்துக்கு வருகிற நோயாளிகளோடு கூட வருபவர்களுக்குச் சாப்பாடு போடுகிற ஒரு சமையலறைக்குக் கொடுத்துவிட்டோம்.

அடுத்து, எப்படிக் கேட்பது என்ற விஷயம். "நாங்கள் நாலு கிலோமீட்டர் நடக்கிறோம், கிலோமீட்டருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்பது மேல்நாட்டு முறை. அது இங்கே எடுபடவில்லை. "நீர் நடந்தால் எனக்கென்ன, உமக்குத்தான் சர்க்கரை குறையும்" என்று ஒருவர் சொன்னார். நியாயம்தான். நிலையத்தில் விசாரித்தோம். ஒரு தடவை டயாலிசிஸுக்கு அவர்களுக்கு 1,200 ரூபாய் ஆகிறது என்றார்கள். 156 தடவைக்கு 1,87,200. அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு வருஷம். அதைத்தான் இலக்காக வைத்தோம். கேட்கும்போது "ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூறு, அரைத் தடவைக்கு அறுநூறு, ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு" என்றோம். ஒரு மணி நேரம் என்று சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்தேன். பென்ஷன்காரருக்கும் ஒரு மணி நேரம் வாங்க முடியும்.

இப்போது நட்சத்திர அட்டை. இது எங்கள் கிளை மாமி ஒருத்தியின் மூளையில் உதித்தது. நான் எதற்கும் சொந்தம் கொண்டாட முடியாது. நடக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் அசுவினி முதல் ரேவதி வரை 27 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த நட்சத்திரத்தில் பிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்து 101 ரூபாய் வாங்கிப் பெயர் எழுத வேண்டும். ஒருவரே இரண்டு கட்டம் போட முடியாது. இதன் சாமர்த்தியம் பாருங்கள். "தர்மத்துக்குக் கொடுங்கோ" என்று கேட்டால் மனுஷர்கள் பைக்குள் கையை இறுக்கிக்கொள்வார்கள். "மாமா, உங்க நட்சத்திரம் என்ன? எனக்குச் சதயம் ஒண்ணு கிடைக்கவேயில்லை" என்று கேட்டால், தன்னிடம் சதயம் இல்லாவிட்டாலும் மச்சினன் சதயம், சம்பந்தி சதயம் என்று போன் போட்டுக் கொடுப்பார்கள். லிப்டிலும் லோக்கல் ரயிலிலும் இதே பேச்சு. திருவோணமும் ரோகிணியும் தடுக்கி விழுந்தால் கிடைத்தன.

கிடைக்காதவை எவை என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமும் வரும். மூலம், ஆயில்யம், விசாகம், கேட்டை. இந்த நட்சத்திரங்களில் பெண்களே பிறப்பதில்லையோ என்று தோன்றும்படி ஒரு பஞ்சம். காரணம் உங்களுக்குத் தெரியும். பெண் மூலத்தைப் பற்றியும், மாமியாருக்கு ஆகாத ஆயில்யத்தைப் பற்றியும் ஊரில் சொல்கிற வசனங்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஜாதகத்தையே மாற்றி எழுதிக் கல்யாணம் செய்த குடும்பங்கள் நம்மில் எத்தனை? பௌதிகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று மட்டும் தெரியும். சந்திரன் வானத்தைச் சுற்றி வர ஏறக்குறைய 27 நாள் 8 மணி ஆகிறது. அதில் மூலத்துக்கும் மற்றவற்றைப் போல ஒரு நாள் சொச்சம் உண்டு. அந்த ஒரு நாளில் உலகத்தில் குழந்தை பிறக்காமலா இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், எழுபத்து நாலு வயசு மாமி ஒருத்தி எழுந்து, "நான் மூலம். என் மாமனார் தொண்ணூத்தோரு வயசு இருந்தார். யாருக்கு அட்டை காலியா இருக்கு, கொண்டு வாங்கோ" என்றாள். ஒரு அட்டைக்கு ஒரு பெயர்தானே விதி? பன்னிரண்டு அட்டையிலும் மூலத்தில் அவள் பெயர். அதற்கப்புறம் ஆயில்யங்கள் மெதுவாக வெளியே வந்தன. மொத்தம் 324 கட்டங்களில் 291 நிரம்பின, 29,391 ரூபாய். தொகை பெரிசில்லை. ஆனால் எங்கள் நடையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் வீடு அந்த வட்டாரத்தில் இல்லை என்று ஆயிற்று. மற்ற வசூலெல்லாம் அந்த விளம்பரத்தின் மேல் ஏறி வந்தவைதான்.

பரண் ஏலத்தைப் பற்றிச் சொல்கிறேன். காந்திஜி 1933-34-ல் ஹரிஜன நிதிக்காக நாடு முழுவதும் சுற்றியபோது, தனக்கு வாசித்துக் கொடுத்த வரவேற்புப் பத்திரத்தையே அந்த மேடையில் ஏலம் விடுவார். வெள்ளிப் பேழையில் கொடுத்தால் பேழையும் ஏலம். கையெழுத்து வேண்டுமென்றால் ஐந்து ரூபாய். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தால் அதுவும் அங்கேயே ஏலத்துக்கு வரும். கூச்சமே கிடையாது. அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட யோசனை இது. நம் வீடுகளின் பரணில் என்ன இருக்கிறது? அறுபது வருஷத்துக்கு முன் பாலக்காட்டிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ ரயிலேறி வந்த வெண்கலப் பானை, ஈயச் சொம்பு, கல்சட்டி, அடுக்கு, இடியாப்ப நாழி, தேங்காய்த் துருவி, கொலுவில் ஜோடி உடைந்த பொம்மைகள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ. அவர்கள் இதை எடுத்துப் போகப் போவதில்லை. நாம் போன பிறகு பழைய பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போகும். உயிரோடு இருக்கும்போதே கைமாற்றிவிடலாம் என்று கேட்டோம்.

நாற்பத்து மூன்று சாமான்கள் வந்தன. ஒவ்வொன்றோடும் எந்த ஊர், யாருடைய சீர், எந்த வருஷம் என்று நாலு வரி எழுதி வாங்கி, ஏலத்தில் வாசித்தோம். அந்த நாலு வரிதான் விலையை ஏற்றியது. எடைக்குப் போட்டால் ஆயிரம் பெறாத வெண்கலப் பானை மூவாயிரத்து இருநூறுக்குப் போயிற்று. ஈயச் சொம்புக்கு மூன்று இளம் பெண்கள் போட்டி போட்டார்கள். அடுப்பில் ரசம் இல்லாமல் வெறும் சொம்பை வைத்தால் உருகிவிடும் என்று எச்சரித்துத்தான் கொடுத்தோம். ஓட்டெடுப்பில் தோற்ற நாலு பேரைச் சொன்னேன் அல்லவா? அவர்களில் நடக்க வராத ஒருவர் ஏலத்துக்கு வந்து, ஒரு குத்துவிளக்கை 4,500 ரூபாய்க்கு எடுத்தார். யாரோடும் பேசவில்லை. பணத்தை எண்ணி வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு போனார். ஏலத்தில் மொத்தம் 41,300.

சின்னச் சின்ன வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நவராத்திரியில் வெற்றிலை பாக்கோடு கொடுக்கிற ரவிக்கைத் துணி. ஒரே துணி ஒன்பது வீடு சுற்றி மறுபடி நம் வீட்டுக்கே வருகிற அதிசயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வருஷம் துணிக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் ஆகிற செலவை நிதிக்குக் கொடுத்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னச் சீட்டு மட்டும் வைத்தார்கள்: "உங்கள் தாம்பூலம் டயாலிசிஸ் நிலையத்துக்குச் சேர்ந்தது." 17,850 ரூபாய். இதில் வந்தவர்களுக்கு மனஸ்தாபம் வருமோ என்று பயந்தோம், எல்லோருக்கும் நிம்மதிதான். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய் விற்றதில் சாமான் செலவு போக 14,600. பழைய பேப்பர் சேர்த்து ரத்திக் கடையில் போட்டது 9,240. இங்கிலீஷ் பேப்பருக்கு விலை அதிகம் என்பதால், அந்த மூன்று மாசம் தமிழ்ப் பத்திரிகைதான் வாங்குவேன் என்று அடம் பிடித்த ஒரு மாமாவை நாங்கள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தோம். ஒரு சதாபிஷேகத்தில் வந்தவர்களுக்கு எவர்சில்வர் டப்பா கொடுப்பதை நிறுத்தி 25,001 கொடுத்தார்கள். மீதி 41,368 உறுப்பினர்களின் பிள்ளைகள், பெண்கள், அவர்கள் ஆபீஸ்காரர்கள் நேராக நிலையத்துக்கு அனுப்பியது. சில கம்பெனிகளில் ஊழியர் எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவு கம்பெனியும் போடுகிறது. இதை உங்கள் பிள்ளைகளிடம் அவசியம் கேளுங்கள், பலருக்கு அவர்கள் கம்பெனியில் அது இருப்பதே தெரிவதில்லை.

கச்சேரி வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எம்.எஸ். அம்மா தர்மக் கச்சேரிகள் செய்து எத்தனையோ ஸ்தாபனங்களைத் தூக்கி நிறுத்தினார். 1974-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்ததே பொதுத் தொண்டுக்காகத்தான். அது அவருக்கு முடியும். நாம் ஹால் வாடகை, மைக், வித்வான்களின் ரயில் டிக்கெட், மாலை, டிபன் எல்லாம் கொடுத்து, பாஸ் வாங்கினவர்களைவிட ஓசியில் வந்தவர்களை அதிகமாக உட்கார வைத்து, கடைசியில் மிஞ்சுவதை எண்ணினால் கஷ்டமாக இருக்கும்.

இனி சட்ட விஷயம். அரசாங்க ஆபீசில் காலம் கழித்தவனை மேடை ஏற்றினால் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குலுக்கல் சீட்டு வேண்டாம். பரிசு ஒரு பட்டுப்புடவைதானே என்று நினைப்பீர்கள். அரசாங்க அனுமதியில்லாத லாட்டரி குற்றம். ஏலம் விடுங்கள், விற்பனை செய்யுங்கள், குலுக்காதீர்கள்.

கம்பெனிகளிடம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவிகிதம் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். ஆனால் மாரத்தான் மாதிரி ஒரு நாள் நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது என்று 2014 ஜூனிலேயே அரசாங்கம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஆகவே "எங்கள் நடைக்கு உதவுங்கள்" என்று கடிதம் எழுதினால் குப்பைக்குத்தான் போகும். டயாலிசிஸ் மிஷினுக்கு என்று, அந்த நிலையமே தன் பெயரில் எழுதட்டும்.

வருமான வரி விலக்கு. 80ஜி என்று பழகிவிட்டோம். 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. கணக்கர் புது எண்ணைச் சொன்னால் குழம்ப வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. அரிசி, பாத்திரம் இப்படிப் பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. 2023-24 முதல், நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் எல்லோரும் அந்த முறையில்தான். எனவே "வரி மிச்சமாகும்" என்று சொல்லிக் கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். கேட்டவர்களுக்கு மட்டும் விவரம் சொன்னோம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில்தான் நம் சங்கத்துக்காரர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். துபாயிலோ நியூஜெர்சியிலோ இருக்கிற பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து பாங்கு மூலம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே பையன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று தனிப் பதிவு இல்லாத ஸ்தாபனம் ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, டில்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதான கிளையில் உள்ள கணக்குக்குத்தான் அது முதலில் வர வேண்டும். "அப்பா, உன் அக்கவுண்டுக்கு அனுப்பறேன், நீ கொடுத்துடு" என்று பிள்ளை சொல்வான். அந்தக் குறுக்கு வழிக்கு உங்கள் நிலையத்தை ஆளாக்காதீர்கள். எங்கள் கிளையில் ஆறு பேர் பிள்ளைகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு பேரும் அனுப்பியிருந்தால் இலக்கை மூன்று நாளில் முடித்திருக்கலாம். ஒரு விதத்தில் அனுப்பாததே நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் தவலையும் வந்திருக்காது, அட்டையும் வந்திருக்காது.

பணத்தைத் தனியார் கணக்கில் ஒரு நாள் கூட வைக்கவில்லை. பெரிய தொகை நேராக நிலையத்தின் கணக்குக்கு. ரொக்கம் அன்றன்றைக்கு எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மறுநாள் சங்கக் கணக்கில். ஐந்து ரூபாய்க்கும் ரசீது. மாரத்தான் நுழைவுக் கட்டணம், பனியன், அட்டை அச்சடித்த கூலி எல்லாம் நடந்தவர்களின் சொந்தச் செலவு. வசூலிலிருந்து ஒரு பைசா கழிக்கவில்லை. பிப்ரவரி முதல் வாரம் வரவு விவரம் முழுவதையும் கோவில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அதைத் தேடி வந்து படித்தவர்களைப் பார்த்தால், அடுத்த வசூலுக்கு அதுதான் முதல் விளம்பரம் என்று தெரிந்தது.

2,17,200 ரூபாயை 1,200-ஆல் வகுத்தால் சரியாக 181. ஒருவருக்கு ஒரு வருஷம் போக, இன்னொருவருக்கு எட்டு வாரம். பன்னிரண்டு பேரும் ஆளுக்குச் சுமார் ஏழாயிரம் காலடி வைத்திருப்போம்; ஒரு காலடிக்கு இரண்டரை ரூபாய் சொச்சம். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் எதிரே கிளம்பும்போது எங்கள் 82 வயசு மாமா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நான் சின்ன அடியா வச்சு நடக்கறேன், வசூல் ஜாஸ்தியாகும்" என்றார். காலடி கூடினால் காலடிக்கு விலைதான் குறையும், மொத்தம் மாறாது என்று விளக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் நாலு அடி முன்னால் போய்விட்டார்.

சமையல்கார மாமா இப்போதும் செவ்வாய், வியாழன், சனி போய்வருகிறார். இடைப்பட்ட நாட்களில் உட்கார்ந்தபடியே ஆட்களுக்கு உத்தரவு போட்டு, சின்ன விசேஷங்களுக்குச் சமையல் எடுக்கிறார்.

நட்சத்திர அட்டையின் மாதிரி பின்னால் ரசீது மேஜையில் இருக்கிறது. எந்தக் கிளையும் எடுத்து, தங்கள் ஊர்ப் பெயர் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம். பெங்களூரிலும் டில்லியிலும் மூத்தவர்களுக்கு எந்தப் பிரிவில் இடம், பதிவு எப்போது ஆரம்பம் என்பதை மூன்று மாசம் முன்னாலேயே விசாரித்து வையுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. ஜனவரிக்கான எங்கள் அட்டையில் கேட்டையும் விசாகமும் இன்னும் காலி. காப்பி கொடுப்பதற்கு முன் யாராவது வந்து பெயர் கொடுத்தால் சௌகரியமாக இருக்கும். சில்லறை ஒரு ரூபாயை மறக்காமல் கொண்டு வாருங்கள்.